லினன் அஞ்சலட்டைகளின் காலத்தை அறிவதும் அவற்றைக் காப்பதும்

சுங்கை சிப்புட் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பழைய தோட்ட வீட்டைக் காலி செய்தபோது, கப்பலில் பணியாற்றிய என் பெரியப்பா அமெரிக்கத் துறைமுகங்களில் வாங்கிச் சேர்த்த சுற்றுலா அஞ்சலட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடைத்தன. துணியில் அச்சிட்டது போன்ற மேற்பரப்பும் அடர்ந்த நிறங்களும் கொண்டவை. பெரும்பாலானவை அஞ்சலில் சேர்க்கப்படாததால் முத்திரையைக் கொண்டு ஆண்டை அறிய வழியில்லை. அச்சான காலத்தை வேறு எப்படிக் கணிப்பது? சந்தையில் விற்கப்படும் அட்டை அசலா, பிற்கால நகலா என்பதை எவ்வாறு அறிவது? ஈரக்காற்று ஓயாத நம் ஊரில் இவற்றை எதில் வைப்பது?

பழந்தாள் அன்பர்:
ஐயா, அருமையான சேகரிப்பு. துணி போன்ற மேற்பரப்பால் ‘லினன்’ அட்டைகள் எனப்படும் இவை 1930களின் தொடக்கத்திலிருந்து 1950கள் வரை அமெரிக்காவில் பெருமளவில் அச்சாயின. தாளில் நெசவு போன்ற வரிகளைப் பதித்ததால் மை விரைவில் உலர்ந்து, நிறம் பளிச்சென்று நின்றது. சிகாகோவின் கர்ட் டைக் நிறுவன அட்டையானால் அதன் ஓரத்திலோ பின்புறத்திலோ உள்ள எண்ணே ஆண்டைச் சொல்லிவிடும். ‘5ஏ-எச்’ (5A-H) என்று தொடங்கினால் 1935, ‘2பி-எச்’ (2B-H) என்றால் 1942. அதாவது ஏ 1930களையும், பி 1940களையும், சி 1950களையும் குறிக்க, முன்னுள்ள இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் எந்த ஆண்டு என்பதைக் காட்டுகிறது. ஆனால் இது அந்தப் படம் முதலில் அச்சான ஆண்டு. மறுபதிப்பிலும் அதே எண் தொடரக்கூடும். பாஸ்டனின் டிச்னர் பிரதர்ஸ் போன்ற பிற நிறுவனங்களின் அட்டைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

நிறங்களை அந்த ஊரின் உண்மைத் தோற்றம் என்று கொள்ள வேண்டாம். மூலம் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். குறிப்புகளைப் பின்பற்றி ஓவியர்கள் நிறம் ஏற்றினார்கள், கண்ணை உறுத்திய மின்கம்பங்களை அழித்தார்கள், வானத்துக்கு அந்தி வண்ணம் பூசினார்கள். எனக்கு இவற்றின் மீதுள்ள பற்றுக்கு அந்தக் கைவண்ணமே காரணம்.

ஈப்போ வாசகி:
அண்ணா, அசலை அறிய அட்டையைச் சாய்த்து, பக்கவாட்டில் விளக்கொளியைப் பாய்ச்சிப் பாருங்கள். அசலில் வரிகள் மேடும் பள்ளமுமாக எழும், விரலுக்கும் தட்டுப்படும். பல நகல்களில் வரிகளின் படம் மட்டுமே வழுவழுப்பான தாளில் இருக்கும். கடைகளில் ரிங்கிட் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கும் உதவும். தாளை வெண்மையாக்கும் ஒளிர்பொருள்கள் 1950ஐ ஒட்டியே பரவலாயின. ஆகவே 1930களின் அட்டை என்று விற்கப்படுவது நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் வாங்காதீர்கள்.

டின்னிலிருந்து அவற்றை உடனே எடுத்துவிடுங்கள். பசைத்தாள் ஆல்பமும் பிவிசி (PVC) பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையே பாதுகாப்பானது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், கேமராக்காரர்கள் பயன்படுத்தும் மின் உலர்பெட்டியை 50 விழுக்காட்டளவில் வைப்பது நல்லது. அழுக்கு இருந்தால் மென்தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி படவே கூடாது. பின்புறத்தில் பெரியப்பா ஏதேனும் எழுதியிருந்தால், எழுத்து மங்கலாக இருந்தாலும் அதன் மேல் பேனாவை ஓட்டாமல், தனித்தாளில் படியெடுத்து அட்டையுடன் உறையில் வையுங்கள்.