நவாங் கோம்பு: டார்ஜிலிங் போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

டார்ஜிலிங் எச்.எம்.ஐ.யில் (இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம்) பேசிக் கோர்ஸ் முடித்தவர்கள் எல்லோரும் டென்சிங் சிலையைப் பற்றியே எழுதுகிறீர்கள். அவருடைய சகோதரி மகன் நவாங் கோம்புவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

லெபாங் சாலையில் டென்சிங் பாறைக்கு எதிரிலேயே கோம்பு பாறை இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் டென்சிங் பாறையில் கயிறு பிடித்து ஏறிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. எவரெஸ்ட் உச்சியை இரண்டு முறை தொட்ட முதல் மனிதரின் பெயர் அது!

ஆனால் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது பாறையடியில் இல்லை, சிக்கிமில் யுக்சமிலிருந்து சோக்கா கிராமத்துக்கு ஏறும்போது. முதுகில் ரக்சாக், முன்னே முடியாத ஏற்றம். சோக்காவின் உயரம் ஏறக்குறைய 3,000 மீட்டர்தான், அதற்கே மூச்சு இரைத்தது. 1953-இல், இருபதுகூட ஆகாத வயதில், எவரெஸ்ட் உச்சிக்குக் கீழே 7,900 மீட்டரில் இருக்கும் சவுத் கோல் கணவாய் வரை சுமை தூக்கிப் போனவர் கோம்பு. அப்படிச் சுமந்தவர்கள் இல்லாமல் டென்சிங்கும் ஹிலாரியும் உச்சிக்குப் போயிருக்க முடியாது. என்னைக் கேட்டால், இரண்டு முறை உச்சி தொட்டதைவிட அந்தச் சுமைதான் பெரிது.

பதில்: சுமை சரிதான் அண்ணா, ஆனால் எனக்கு 1960தான். எவரெஸ்டுக்குப் போன முதல் இந்தியக் குழுவில் நரேந்திர குமார், சோனம் கியாட்சோவோடு கோம்பு 8,600 மீட்டரைத் தாண்டிவிட்டார். உச்சிக்கு இன்னும் 200 மீட்டர் சொச்சம். காற்று விடவில்லை, திரும்பிவிட்டார்கள். என்னுடைய கோர்ஸில் பனிப்புயலால் எங்களைப் பாதியில் இறக்கியபோது நான் பயிற்றுநரிடம் முறைத்துக்கொண்டேன். அவர் கோபப்படவே இல்லை, இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத் தேநீர் கொடுத்தார். அவ்வளவு பக்கத்தில் போய்த் திரும்பியவர் மூன்றே வருஷத்தில் அமெரிக்கக் குழுவோடு உச்சியில் நின்றார்.

பதில்: அந்த 1963 ஏற்றத்தில் எனக்குப் பிடித்தது கடைசி சில அடிகள். கூட வந்த ஜிம் விட்டேக்கர் ஆறரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, கோம்பு ஐந்தடி ஆள். நீ முதலில் போ, இல்லை நீ போ என்று இருவரும் மாறி மாறிச் சொல்லி, கடைசியில் சேர்ந்தே கால் வைத்தார்கள். 1965-இல் எம்.எஸ். கோலி தலைமையில் போன இந்தியக் குழுவில், சக வீரர் ஏ.எஸ். சீமாவோடு கோம்பு மறுபடியும் எவரெஸ்ட் ஏறினார்.

பதில்: நடுவில் 1964 நந்தா தேவி சிகரத்தை விட்டுவிட்டீர்களே! தாவா நோர்புவோடு அதையும் ஏறியிருக்கிறார். மூன்று வருஷத்தில் மூன்று பெரிய ஏற்றம். இத்தனைக்கும் நடுவில், எச்.எம்.ஐ.யில் நம்மைப் போல முடிச்சுப் போடத் தெரியாமல் வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.