பாப்பா பெயர் கார்டில் ஏறவில்லை

குழு: கம்மவான்பேட்டை சொந்தங்கள்

ரேவதி: மாமா, பாப்பாவைத் திங்கட்கிழமை சென்னை மிலிட்டரி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். ராணுவம் குடும்பத்துக்குக் கொடுக்கிற டிபெண்டன்ட் கார்டில் அவள் இன்னும் ஏறவில்லை. அவர் போனும் வரவில்லை

தினேஷ்: பிரபு அண்ணன் ஆபரேஷன் போனால் அப்படித்தான்

சுபேதார் சித்தப்பா: பயப்படாதே ரேவதி. பாரா கமாண்டோ எங்கே போகிறான் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் யூனிட்டில் ரியர் பார்ட்டி என்று பின்னால் தங்குகிற சிலர் எப்போதும் இருப்பார்கள், அங்கே அவன் ஆர்மி நம்பரைச் சொல்லிப் பிறப்புச் சான்றிதழை அனுப்பு. குடும்ப விவரத்தைப் பதிகிற பார்ட் டூ ஆர்டர் போட்டு, அது பெங்களூர் பாரா ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் ஏறினால்தான் அரசாங்கக் கணக்கில் பாப்பா அவன் பிள்ளை. ஆஸ்பத்திரி, படிப்புப் பணம், நாளைக்கு அமராவதிநகர் சைனிக் பள்ளி, எல்லாம் அதற்குப் பிறகுதான்

செல்வி அத்தை: வேலூர் இசிஎச்எஸ் கிளினிக்கில் காட்டலாமே

சுபேதார் சித்தப்பா: அது ரிட்டயர் ஆனவர்களுக்கு. இன்னொன்று, கல்யாணத்துக்கு அப்புறம் பிரபு நாமினேஷன் மாற்றினானா? குடும்பப் பென்ஷன் மனைவிக்கு, குரூப் இன்ஷூரன்ஸ் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்களுக்கு. அம்மாவுக்கும் பங்கு எழுதலாம்

வசந்தா: வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது

மகேஷ்: மொட்டை எப்போது? லீவு சொல்ல வேண்டும்

செல்வி அத்தை: ஆடி வேண்டாம்

சுபேதார் சித்தப்பா: அண்ணி, 1999-ல் எங்கள் பட்டாலியனில் இறந்துபோன பையனுக்குக் கல்யாணமே பதிவாகவில்லை. கைக்குழந்தையோடு அந்தப் பெண் அலைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்

தினேஷ்: சித்தப்பா, அம்மா அழுகிறார்கள். விடுங்கள்

ரேவதி: அத்தை, நான் பணம் கேட்கவில்லை. ஃபீல்டில் இருப்பவர் குடும்பத்துக்குக் கொடுக்கிற குவார்ட்டர்ஸுக்கு அவர் எழுதிப் போட்டிருக்கிறார். கிடைத்தால் போகட்டுமா?

செல்வி அத்தை: கைக்குழந்தையோடு தனியாகவா

சுபேதார் சித்தப்பா: தனியாக எங்கே? அக்கம்பக்கம் எல்லாம் அவளைப் போன்ற பெண்கள்தான், ராணுவ வீரர்களின் மனைவிகள் நடத்துகிற ஆவா சங்கத்துப் பெண்கள் வந்து விசாரிப்பார்கள், ராத்திரி ஜுரம் என்றால் பக்கத்திலேயே எம்ஐ ரூம், டாக்டர் பார்க்கிற இடம். இங்கே நாம் இத்தனை பேர் இருந்தும் அவளிடம் யூனிட் போன் நம்பர்கூட இல்லை

வசந்தா: குடியாத்தத்திலிருந்து முதலில் என் பேத்தி இங்கே வரட்டும்

மகேஷ்: மொட்டை?

செல்வி அத்தை: தை பார்க்கலாம்

தினேஷ்: ரியர் நம்பர் கிடைத்தது, அண்ணிக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் பிறப்புச் சான்றிதழில் பாப்பா பெயரே இல்லையே

சுபேதார் சித்தப்பா: பெயரில்லாமல் அனுப்பாதே. இன்றைக்கே முடிவு செய்யுங்கள்

வசந்தா: என் மாமியார் பெயர்தான்

ரேவதி: அவர் ஒரு பெயர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அத்தை

வசந்தா: என்னிடம் சொல்லவில்லையே

ரேவதி: காலையில் போன் செய்கிறேன் அத்தை