அமெரிக்க ரயில் நிறுவனங்களின் நிர்வாக ஆவணங்கள்: வாசித்தவர்களின் அனுபவப் பகிர்வு

சிகாகோவில் படிக்கும் ஆய்வு மாணவி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலை முதலாளி தன் ஆட்களைக் கண்ணெதிரே நிறுத்தி வேலை வாங்கினார். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு நீண்ட ரயில் பாதையில் அது இயலாது என்பதால், அமெரிக்க ரயில் அதிகாரிகள் எதையும் எழுதிக் கேட்டார்கள், எழுதியே பதில் சொன்னார்கள், இரண்டின் படியையும் பத்திரப்படுத்தினார்கள். அந்தப் பழக்கத்தால்தான் இன்று நமக்குப் படிக்க இவ்வளவு கிடைக்கிறது.

நான் பெரும்பாலும் அமர்வது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில். இல்லினாய்ஸ் சென்ட்ரல், சிகாகோ பர்லிங்டன் அண்ட் குவின்சி, படுக்கைப் பெட்டிகளை நடத்திய புல்மன் ஆகிய மூன்று நிறுவனங்களின் ஆவணங்களும் அங்கே உள்ளன. முதன்முறை வருபவரைத் திணறடிப்பவை, அனுப்பிய கடிதங்களின் நகல்களைச் சேர்த்த படிப் புத்தகங்கள். கார்பன் தாள் பரவுவதற்கு முன், ஈரப்படுத்திய மெல்லிய தாளைக் கடிதத்தின் மேல் வைத்துத் திருகு அச்சில் அழுத்துவார்கள். இடவலம் மாறிப் பதியும் எழுத்தைத் தாளின் மறுபக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். வெங்காயச் சருகு போன்ற அந்தத் தாள்களைப் புரட்டும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்ளத் தோன்றும். ஈரம் கூடிப்போன பக்கங்களில் மை பரவி, வரிகள் வெறும் ஊதாக் கறையாக நிற்கும். படிப் புத்தகத்தில் இருப்பது ஒரு பக்கத்து உரையாடல்தான் என்பதையும், எதிர்த் தரப்பு வந்த கடிதங்களின் பெட்டியில் தனியே கிடக்கும் என்பதையும் புதிதாக வருபவர்கள் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

1881 முதல் 1901 வரை பர்லிங்டனின் தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட் பெர்கின்ஸ் எழுதியவற்றை நான் விரும்பிப் படிப்பதுண்டு. பாதை நீண்டுகொண்டே போகையில் அதிகாரத்தை எந்த இடத்தில் பிரித்துக் கொடுப்பது என்று ஓயாமல் யோசித்தவர் அவர். ஆனால் என்னை நிலைகுலைய வைத்தவை 1888 வேலைநிறுத்தத்தின் தாள்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று எஞ்சின் ஓட்டுநர்களும், எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன்களும் வேலையை விட்டு இறங்கினார்கள். பணிக்காலத்துக்கும் வழித்தடத்துக்கும் ஏற்பக் கூலியைத் தரம் பிரிக்கும் முறையை நீக்கிவிட்டு, ஓட்டிய மைலுக்கு இவ்வளவு என்று ஒரே சீராகக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நிறுவனம் பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களை அமர்த்தியது. தொழிலாளர்களிடையே கலந்து பழகிய அவர்களின் அறிக்கைகள் நிர்வாகக் கோப்புகளிலேயே உள்ளன. தொழிலாளர்கள் தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை, அவர்களைக் காட்டிக்கொடுப்பதற்காகச் சம்பளம் வாங்கியவரின் கையெழுத்தில்தான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது. அதில் உள்ளதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கூலிக்காகக் கூட்டியது என்று பிரித்தறிவது எளிதல்ல. அப்படியும் அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

மேலாண்மை கற்பிக்கும் ஆசிரியர்

தோழி சொன்ன எழுதிக் கேட்கும் வழக்கத்துக்குப் பின்னே ஒரு விபத்து இருக்கிறது. 1841 அக்டோபர் 5 அன்று மாசசூசெட்ஸின் வெஸ்டர்ன் ரயில்ரோடில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி, கண்டக்டர் ஒருவரும் பயணி ஒருவரும் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். யார் யாருக்குக் கட்டளையிடலாம், ரயில் தாமதமானால் யார் முடிவெடுப்பது என்பவற்றை அந்த நிறுவனம் அதன் பிறகுதான் எழுத்தில் வரையறுத்தது.

அடுத்த பெரிய அடி ஈரி ரயில்ரோடின் தலைமைக் கண்காணிப்பாளர் டேனியல் மக்கல்லம் எடுத்து வைத்தது. ஐம்பது மைல் பாதையின் கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் தானே நேரில் கவனித்துக்கொள்ளலாம், ஐந்நூறு மைல் பாதைக்கு அந்த முறை உதவாது என்று அவர் தம் அறிக்கையில் வாதிட்டார். 1855-இல் அவர் வரையச் செய்த அமைப்பு வரைபடம் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. மேலாண்மைப் பாடநூல்களில் நாம் பார்க்கும் வரைபடங்களில் தலைவர் உச்சியில் அமர்ந்திருப்பார்; இதிலோ இயக்குநர் குழுவும் தலைவரும் கீழே வேரின் பக்கம் இருக்க, பாதையின் பிரிவுகள் கிளைகளாக மேலே வளைந்து பரவி, ரயில் குழுக்களும் நிலையப் பணியாளர்களும் நுனிகளில் நிற்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி அந்த நுனிகளைப் பார்க்கும் மாணவர்கள், ஒவ்வொரு சிறு குறியும் ஒரு மனிதரைக் குறிக்கிறது என்று அறிந்தவுடன் அமைதியாகிவிடுவதை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

அழகிய படத்தைக் கண்டு மக்கல்லத்தைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவருடைய கடுமையான விதிகளை எதிர்த்து ஓட்டுநர்கள் 1854-இலேயே வேலையை நிறுத்தினார்கள். 1857-இல் அவரே பதவியைவிட்டு விலகினார். தந்தி வழியாக மணிக்கு மணி அறிக்கை வாங்கியவருக்குத் தம் ஆட்களின் மனநிலை எட்டியிருக்கவில்லை.

பென்சில்வேனியாவில் வசிக்கும் பொறியாளர்

பெரிய நிறுவனம் விழுந்தால் அதன் தாள்களும் சிதறும். பென்சில்வேனியா ரயில்ரோடும் நியூயார்க் சென்ட்ரலும் 1968 பிப்ரவரி 1 அன்று இணைந்து பென் சென்ட்ரல் ஆயின. 1970 ஜூன் 21 அன்று அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதன் பின் பென்சில்வேனியா நிறுவனத்தின் ஆவணங்கள் பல காப்பகங்களுக்குப் பிரிந்தன. டெலவேர் மாநிலத்தில், டூபான்ட் குடும்பத்தின் பழைய வெடிமருந்து ஆலை வளாகத்தில் உள்ள ஹேக்லி நூலகத்தில் பெரும் பகுதி இருக்கிறது. மற்றொரு பகுதி ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில். ஒரு பாலத்தின் கதையைத் தேடினால் செலவுக்கு ஒப்புதல் அளித்தவர்கள் ஓரிடத்திலும், வரைந்தவர்கள் வேறிடத்திலும் கிடைக்கக்கூடும்.

இயக்குநர் குழுவின் குறிப்பேடுகளைக் கண்டு நான் ஆரம்பத்தில் ஏமாந்தேன் என்றே சொல்ல வேண்டும். அவற்றில் தீர்மானம் இருக்கும், சண்டை இருக்காது. கூட்டத்துக்கு முன் சுற்றுக்கு வந்த குறிப்புகளையும் துறைத் தலைவர்களின் கடிதங்களையும் சேர்த்துப் படித்தால்தான் உள்ளே நடந்தது விளங்கும். பென்சில்வேனியா ரயில்ரோடின் தலைவர் ஜே. எட்கர் தாம்சன் 1857-இல் கொண்டுவந்த ஏற்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரயில்களை இயக்கும் அதிகாரம் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் இருந்தது. எஞ்சின், பாதை, கணக்கு ஆகியவற்றின் தரத்தை வகுக்கும் பொறுப்பு தனி வல்லுநர்களிடம் போனது. தாளில் தெளிவாகத் தெரியும் இந்தப் பிரிவினை, பழுதான எஞ்சினை யார் நிறுத்தலாம் என்பது போன்ற கேள்வியில் உரசலுக்கு இடம்கொடுக்கும். என் ஆர்வமெல்லாம் அந்த உரசலில்தான்.

கலிஃபோர்னியாவில் வசிக்கும் வாசகர்

சேக்ரமெண்டோவில் உள்ள மாநில ரயில் அருங்காட்சியகத்தின் நூலகத்தில், கண்டத்தைக் கடக்கும் முதல் ரயில் பாதையின் மேற்குப் பகுதியைக் கட்டிய சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் ஊதியப் பட்டியல்கள் இருக்கின்றன. 1864 ஜனவரிப் பட்டியலில் ஹுங் வா என்ற பெயர் வருகிறது. அவர் சீனத் தொழிலாளர் குழுவின் தலைவர். சம்பளம் அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, அவருக்குக் கீழே உழைத்தவர்களின் பெயர்கள் இல்லை. அப்பாதையைக் கட்டிய சீனத் தொழிலாளர்களில் எவரும் எழுதிய ஒரு கடிதம்கூட இதுவரை கிடைக்கவில்லை. ஆசிரியர் சொன்ன வரைபடத்தில் நுனிக்கும் ஒரு குறி உண்டு. இங்கே அதுவும் இல்லை.

ரயில் வேலை பார்த்த முன்னோரைத் தேடுபவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும் சமூகப் பாதுகாப்பு எண் 700 முதல் 728 வரையுள்ள எண்களில் தொடங்கினால், அவர் 1964-க்கு முன் ரயில்வேத் தொழிலாளியாக எண் பெற்றவர். ரயில்வே ஓய்வூதிய வாரியத்தின் பழைய கோப்புகள் அட்லாண்டாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளைக்குச் சென்றுவிட்டன. எண் தெரிந்தால் அங்கே எழுதிக் கேட்கலாம். வாரியம் 1930-களில்தான் உருவானது என்பதால், அதற்கு முன்பே வேலையை விட்டவர்களை அந்தந்த நிறுவனத்தின் ஊதியப் பட்டியல்களில்தான் தேட வேண்டும்.