பின்பக்கத்தைப் பார்த்தீர்களா?

குவில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த பஞ்சுப் போர்வை, கண்காட்சிக்கு வரும்போது அதை நாம் தொடக்கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் நிற்பார்கள். கேட்டால் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். அமெரிக்காவின் ஓஹையோவில் கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட்களைப் பார்க்கப் போனபோது, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எனக்கு அப்படிக் காட்டினார். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடித்த பொடித் தையல். கீழ் மூலையில் சின்னத் துணிப்பட்டை: தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு. "முதலில் இதைப் படியுங்கள், அப்புறம் முன்பக்கம் போகலாம்" என்றார்.

குவில்ட் கலைஞர் கேரலின் மஸ்லூமி தொடங்கிய அமைப்பில் அந்த அம்மா பல வருட உறுப்பினர். மஸ்லூமி லூசியானாவில் பிறந்தவர். விண்வெளிப் பொறியியல் படித்தவர். குவில்ட் கூட்டங்களில் தன்னைப் போன்ற கறுப்பின முகங்களைக் காண்பதே அபூர்வமாக இருந்ததால், 1985இல் ஒரு குவில்ட் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து அவர்களைத் தேடினார். பதில் போட்டவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. அங்கிருந்து வளர்ந்ததுதான் 'விமன் ஆஃப் கலர் குவில்டர்ஸ் நெட்வொர்க்' என்ற அந்த அமைப்பு. தையல் கற்றுத் தருவதோடு நிற்காமல், தங்கள் வேலையின் பண்பாட்டு மதிப்பையும் பண மதிப்பையும் உறுப்பினர்கள் அறிய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அதன் அவசியம் புரிய ஹேரியட் பவர்ஸை நினைத்தால் போதும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த குவில்ட் கலைஞர். பைபிள் கதைகளைத் தைத்த தன் குவில்டுக்கு 10 டாலர் கேட்டார். குடும்பக் கஷ்டத்தில் 5 டாலருக்கே கொடுத்தார். கொடுத்த பிறகும் அதைப் பார்க்க, வாங்கியவரிடம் போய் வந்தார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாங்கிய பெண்மணி விவரங்களைக் குறித்து வைக்காமல் போயிருந்தால், நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

மஸ்லூமி கண்காட்சி அமைக்கும் விதமும் எனக்குப் பிடித்தது. அவர் அமைத்த 'அண்ட் ஸ்டில் வி ரைஸ்' என்ற கண்காட்சி 1619இல் ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்டதில் தொடங்கி ஒபாமா காலம் வரை போகிறது. ஒவ்வொரு நிகழ்வும் ஒருவர் கையால் துணியாகியிருக்கிறது. பல ஊர்களில் தனித்தனியாகத் தைப்பவர்கள் ஒரே வரலாற்றைச் சேர்ந்து சொல்கிறார்கள். இதைவிட நெருக்கமான கூட்டுவேலையை நான் கண்டதில்லை.

கிளம்பும் முன் அந்த அம்மாவின் சிறிய குவில்ட் ஒன்றுக்கு விலை கேட்டேன். எவ்வளவு நேரம் தைத்தார், எந்தத் துணிக்குத் தானே சாயம் போட்டார் என்று எல்லாம் சொல்லிவிட்டுத்தான் தொகையைச் சொன்னார். பேரம் பேசவில்லை. முழுத் தொகையையும் கொடுத்து வாங்கினேன்.