பெருங்குடல் புற்றுநோய்ச் சமன்பாடு: பைத்தானில் விடை எப்போதும் 0 வருகிறது

கேள்வி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக, பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்தைக் கணக்கிட ஆய்வாளர்கள் காலப்ரீஸும் ஷிபாட்டாவும் 2010-ல் தந்த சமன்பாட்டைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன்.

வாய்ப்பு = (1 − (1 − வீதம்)^பிரிவுகள்)^6
ஆபத்து = 1 − (1 − வாய்ப்பு)^செல்கள்

'வாய்ப்பு' என்பது ஒரு செல்லில் புற்றுநோய்க்கான 6 படிகளும் (6 பிறழ்வுகளும்) சேரும் வாய்ப்பு. குடலில் 1.5 கோடி கிரிப்ட் (குடல் சுவரின் நுண்குழிகள்), ஒவ்வொன்றிலும் 8 ஸ்டெம் செல் (பிரிந்து புதுச் செல்களைத் தருபவை), ஆக 12 கோடி செல்கள். 4 நாளுக்கு ஒரு பிரிவு என்றால் 70 வயதுக்குள் சுமார் 6400. பிறழ்வு வீதம் 10^-9. எந்த வயதைக் கொடுத்தாலும் 0.0 தான். இரண்டு நாளாகத் திணறுகிறேன், எங்கே தவறு?

பதில் 1:
உங்கள் 'வாய்ப்பு' 7×10^-32 அளவில் இருக்கும். பைத்தான் எண் சுமார் 16 இலக்கம்தான் தாங்கும். 1-லிருந்து இதைக் கழித்தால் மறுபடி 1 தான். கடைசி வரியை இப்படி மாற்றுங்கள்: −எக்ஸ்பிஎம்1(செல்கள் × லாக்1பி(−வாய்ப்பு)). எக்ஸ்பிஎம்1(x) என்பது e^x − 1, லாக்1பி(x) என்பது log(1 + x); மிகச் சிறிய எண்ணையும் இழக்காமல் கணக்கிடும் பைத்தான் செயற்கூறுகள் இவை.

கேட்டவர்:
நன்றிங்க, 0 போய்விட்டது. ஆனால் 8×10^-24 வருகிறது. அமெரிக்காவில் வாழ்நாள் ஆபத்தே சுமார் 4 சதவீதம் ஆயிற்றே?

பதில் 2:
இப்போது புரோகிராம் சரி, வீதம்தான் சரியில்லை. 10^-9 என்பது டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்துக்கானது. சமன்பாடு கேட்பது, ஒரு பிரிவில் ஒரு படி முழுவதும் பழுதாகும் வாய்ப்பை. பெருங்குடல் புற்றுநோயில் அடிக்கடி பழுதாகும் ஏபிசி மரபணுவின் புரதத்துக்கு மட்டும் 2843 அமினோ அமிலங்கள், அதாவது 8500-க்கு மேல் எழுத்துகள். அதில் பல இடங்களில் ஓர் எழுத்து மாறினாலே புரதம் பாதியில் நின்றுவிடும். 4×10^-6 போட்டுப் பாருங்கள். இது நோய்க்கணக்கோடு பொருந்தத் தேர்ந்த எண், அளந்தது அல்ல. ரிப்போர்ட்டில் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

கேட்டவர்:
3.1 சதவீதம் வந்துவிட்டது! ஆனால் வீதத்தை இரட்டித்தால் 84-க்குத் தாவுகிறது. அப்புறம் லிஞ்ச் நோய்க்குறி (டிஎன்ஏ பிழைதிருத்தும் மரபணு பரம்பரையாகப் பழுதான நிலை) உள்ளவர்களுக்கு வீதத்தை 10 மடங்காக்கினால் எல்லாருக்கும் 100 வருகிறது.

பதில் 2:
தாவுவது பிழையில்லை. 6-ம் அடுக்கு என்பதால், வீதம் 2 மடங்கானால் ஒரு செல்லின் 'வாய்ப்பு' சுமார் 64 மடங்காகிறது. வயதை இரட்டித்தாலும் இதே விடைதான் வரும். லிஞ்சில் பிறக்கும்போது அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் பழுது. மற்றதும் போகும்வரை அந்த செல் சாதாரண வீதத்தில்தான் பிறழும். 12 கோடிக்கும் 10 மடங்கு போடக்கூடாது.

எஃப்ஏபிக்கு (குடலில் ஏராளமான பாலிப்கள், அதாவது சிறு கட்டிகள், வளரும் பரம்பரை நோய்) வேறு கணக்கு. அங்கே ஏபிசியில் ஓர் அடி பிறப்பிலேயே விழுந்துவிட்டது, எனவே 6-ஐ 5 ஆக்குங்கள்: 71 சதவீதம் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் நிஜத்தில் அது 100-ஐ நெருங்கும். பாலிப் வளரும்போது பழுதான செல்களே பெருகுவதை இந்தச் சமன்பாடு பார்ப்பதில்லை. ப்ராஜெக்ட்டில் அடுத்து அதைத்தான் சேர்ப்பேன், நான் என்றால்.

கேட்டவர்:
சரி, பாலிப் வளர்ச்சியைச் சேர்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.