கோல்ட் ஃப்ரேம் (cold frame) தமிழில் என்ன? ஞாயிறுக்குள் வேண்டும்

பெரம்பூரிலிருந்து:
வணக்கம். இங்கிலாந்துத் தோட்டக்கலைப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், ஞாயிறு இரவு அனுப்பியாக வேண்டும். கோல்ட் ஃப்ரேமில் மாட்டிக்கொண்டேன். நாலு பக்கமும் பலகை அல்லது செங்கல், மேலே தெற்குப் பார்த்துச் சரிந்த கண்ணாடி மூடி. சூடேற்ற எந்த ஏற்பாடும் கிடையாது, வெயில்தான். பிப்ரவரி, மார்ச்சில் வீட்டுக்குள் முளைக்கவைத்த பூநாற்றுகளையும், சாமந்தியின் அடியில் கிளம்பும் தளிரை வெட்டி வேர்விட வைத்ததையும் பிறகு இதற்குள் மாற்றுகிறார்கள். பகலில் மூடியைத் தூக்கி, இரவில் சாத்தி, ஓரிரு வாரத்தில் வெளிக்குளிருக்குப் பழக்கிவிடுகிறார்கள். ‘குளிர்ச்சட்டகம்’ என்று போட்டேன், எனக்கே பிடிக்கவில்லை.

ராயபுரத்திலிருந்து:
அது வேண்டாம் அக்கா, குளிரவைக்கிற சாமான் என்றுதான் படிப்பார்கள். குளிர்ப்பெட்டி என்றாலோ எங்கள் பக்கம் காசிமேட்டில் மீன் அடுக்குகிற ஐஸ் பெட்டியைக் காட்டுவார்கள். அங்கே ‘கோல்ட்’ என்பதற்குச் சூடு கொடுக்காதது என்றுதான் அர்த்தம். புதுக் குதிரைச்சாணத்தை நிரப்பி, அது மக்கும்போது கிளம்பும் சூட்டில் நாற்று வளர்க்கிற பாத்தி ஒன்று உண்டு, அதற்கு எதிர்ச்சொல் இது. பேசாமல் ‘கண்ணாடிப்பெட்டி’ என்று எழுதுங்கள்.

மாதவரத்திலிருந்து:
தம்பி, கண்ணாடிப்பெட்டி சாவு வீட்டு வாசலில் பிளக் மாட்டி வைப்பது. அந்தப் பேரைச் சொல்லி நர்சரியில் ஒன்றை விற்றுக் காட்டுங்கள் பார்க்கலாம். நாங்கள் நிழல்வலை கட்டுவது வெயிலைப் பாதியாகக் குறைக்க, அவர்கள் பெட்டி செய்வது கிடைக்கிற கொஞ்ச வெயிலைப் பிடித்துவைக்க. வேலையே நேர்மாறு, அதனால் நம்மிடம் இருக்கிற எந்தச் சொல்லும் சரியாக உட்காராது. ரோஜாக்குச்சி வேர்விட பாலித்தீன் கவர் போட்டு மூடுகிறோமே, அது கொஞ்சம் கிட்டே வரும். அதற்கும் ‘கவர் போடுறது’ என்பதற்கு மேல் பெயர் இல்லை.

கொளத்தூரிலிருந்து:
மூடாக்கு?

மாதவரத்திலிருந்து:
அது வைக்கோல், சருகு பரப்பி மண்ணை மூடுவது. ஏற்கெனவே வேலையில் இருக்கிற சொல், இழுக்காதீர்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:
பெயர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிற மொழியா இது? அவர்களுடைய குளிர்கால முடிவுக்கே நம்மிடம் பின்பனி என்று சொல் உண்டு, மாசியும் பங்குனியும். தொல்காப்பியர் அதை வேனிலோடு சேர்த்துப் பாலைக்கு உரியதாக்கினார். பகல் சுடும், இரவு நடுக்கும் காலம் என்பதால்தான் என்பது என் கருத்து, இந்தப் பெட்டிக்குள் நடப்பதும் அதுவே. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘குட’ என்பது வளைவைக் குறிக்கும் அடி. குடம், குடை, குடங்கை, குடில் எல்லாம் அதில் பிறந்தவை, குடம்பையும் அப்படித்தான். குறளில் அதற்கு முட்டை என்று பொருள் கொண்டார் பரிமேலழகர், கூடு என்போரும் உண்டு. எனக்கு இரண்டும் சம்மதம், பருவம் வந்ததும் விட்டு நீங்கும் இடம். ஆகவே ‘நாற்றுக்குடம்பை’.

ராயபுரத்திலிருந்து:
ஐயா, அந்தக் குறள் இருப்பது நிலையாமை அதிகாரத்தில், உயிர் உடம்பை விட்டுப் போவதற்குச் சொன்ன உவமை. சட்டகத்துக்கும் அகராதியில் உடம்பு என்று ஒரு பொருள் போட்டிருக்கிறது. மாதவரத்தார் சொன்ன சாவு வீட்டைத் தாண்டவே முடியவில்லை. யாராவது ‘பேழை’ என்று ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், சந்தனப்பேழை நினைவுக்கு வராத சென்னைக்காரர் கிடையாது. செடியைப் பழக்குவதுதானே வேலை? ‘பழக்குப்பெட்டி’ என்றே வைக்கலாம்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:
பழக்குபெட்டி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. சுடுகாடு என்கிறோம், சுடுக்காடு என்றா சொல்கிறோம்?

ராயபுரத்திலிருந்து:
எடுத்துக்காட்டுக்கு ஊறுகாய் கிடைக்கவில்லையா ஐயா!

மாதவரத்திலிருந்து:
பழக்க மட்டும் இல்லை, வேர்விட்ட துண்டுகளைக் குளிர்காலம் முழுக்க அதிலேயே வைத்துக் காப்பாற்றுகிறவர்களும் உண்டு. இன்னொன்று, வெயில் அடிக்கிற நாளில் மூடியைத் தூக்காமல் விட்டால் மார்ச்சிலும் உள்ளே நாற்று வெந்துவிடும், காற்றில்லாமல் ஈரம் தேங்கினால் அடித்தண்டு அழுகிச் சாயும். பெயர் எதுவானாலும் இதைப் பாடத்தில் தெளிவாக எழுதுங்கள் அம்மா.

பெரம்பூரிலிருந்து:
எழுதிவிட்டேன். ‘நாற்றுப்பெட்டி’ என்று போட்டு, முதல் இடத்தில் ‘சூடேற்றாத, கண்ணாடி மூடியிட்ட’ என்று அடைமொழி சேர்த்திருக்கிறேன். ராயபுரம், மாதவரம், கொளத்தூர் மூவரும் சரி என்கிறார்கள், கொளத்தூர் தூக்கக் கலக்கத்தில் சொன்ன மாதிரி இருக்கிறது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:
நாற்றை அடுக்கி லாரியில் ஏற்றும் பெட்டியும் நாற்றுப்பெட்டிதான். நான் ஒப்பவில்லை. அந்தக் குதிரைச்சாணப் பாத்தியும் பாடத்தில் வருகிறதா? வந்தால் ‘வெப்பப்படுகை’ என்று எழுதித் தொலைக்காதீர்கள், ‘வெம்பாத்தி’ போதும். வெம்மையிலிருந்து அது எப்படி வருகிறது என்று நாளை விரிவாக எழுதுகிறேன்.