ஆன்லைனில் வோக் நடனப் பட்டறை யாருக்காவது தெரியுமா?

வணக்கம். ஃபேஷன் மாடல்கள் போல போஸ் கொடுத்து ஆடும் வோக் நடனத்தை முறையாகக் கற்றுக்கொள்ள ஆன்லைன் பட்டறை தேடுகிறேன். சொல்லித்தருபவர் பால்ரூம் சமூகத்திலிருந்தே (ஜோடி நடனமல்ல, 'பால்' எனும் போட்டி விழாக்களை நடத்தும் சமூகம்) வந்தவராக இருந்தால் நல்லது. நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின, லத்தீன் திருநங்கையரும் தன்பாலீர்ப்பாளர்களும் வளர்த்த கலை இது. கிரிஸ்டல் லபெய்ஜா தொடங்கியது போன்ற 'ஹவுஸ்'கள்தான் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்குக் குடும்பமாக இருந்தன. கட்டணம் அந்தக் கலைஞர்கள் கைக்கே போகட்டும்.

கை அசைவுகள் ஓரளவு வருகின்றன. டக்வாக்தான் பாடாய்ப் படுத்துகிறது. குந்தியபடி குதிகாலைத் தூக்கி நகரும்போது இடது முட்டி சுருக்கென்று குத்துகிறது. அப்புறம், கோடையில் நியூயார்க்கில் மாலை 7 மணி என்றால் சென்னையில் விடிகாலை 4.30. கீழ்வீட்டில் தூங்குவார்கள், டிப் (முதுகுப்பக்கமாகத் தரையில் விழும் அசைவு) போட்டு விழ முடியாது. பதிவுசெய்த வகுப்பும் தருகிறார்களா? படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், முட்டிக்கு என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து.